ஆதாமின் கடன்

புதுச்சேரிப் பட்டணத்திலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே 10 கிலோமீட்டர் அளவு சென்றால் வில்லியனூர். அவ்வூரில் பெயர் பெற்ற கோயில்கள் இரண்டு. ஒன்று திருக்காமீசுவரர் ஆலயம்; மற்றொன்று 1877-ஆம் வருஷத்தில் எழுந்த லூர்து மாதா கோயில். முன்னதற்கும் தேர் உண்டு. பின்னதற்கும் தேர் உண்டு. மாதா கோயிலின் எதிரே அழகிய குளம் ஒன்றும் இருக்கின்றது. பிரான்ஸ் தேசத்து லூர்து நகரத்தில் இருப்பது மலையடிவாரத்து ஊற்று. ஆனால் கோயில் என்றால் எதிரே குளம் இல்லாமல் நம்மவர்க்கு மனம் நிறைவதில்லை போலும்! ஈஸ்டர் பண்டிகைக்குப் பின் வரும் திருவிழாவில் கிறிஸ்தவர்களோடு மற்ற மதத்தினரும் திரளாக வருகின்றனர்.

இம்மாதாவுக்கு வழங்கும் திருநாமங்களுள் 'அமலோற்பவ மாதா' என்பது ஒன்று. புதுச்சேரிப் பக்கத்தில் அமலோற்பவம் என்று பெயர் கொண்ட பெண்மணிகள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். பெயரை அழைப்போர் அநேகர். பொருளை வினவுவோர் சிலரே. பட்டணத்தில் 1791-ல் அபிஷேகமான பிரதான ஆலயத்துக்கு 'ஜென்மராக்கினி மாதா கோயில்' என்று பெயர் வந்ததும் இதே பொருள் பற்றியதே. கிறிஸ்தவ மார்க்கத்தில் மிகக் கடினமானது என்று கருதப்படும் கொள்கை ஒன்று இப்பெயர்களுக்குள் அடங்கியிருக்கின்றது. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

அமலம் என்றால் மலமற்றது. உற்பவம் என்றால் தோற்றம். மலமின்றித் தோன்றியவள் என்பது பொருள். இது யேசுநாதர் கன்னி வயிற்றில் பிறந்ததைக் குறிப்பதாகப் பலர், கிறிஸ்தவர்களுள்ளும் சிலர், எண்ணியிருக்கின்றனர். அது சரியன்று. மாதா தன் தாயாகிய அன்னம்மாள் வயிற்றில் கருவான கணத்திலேயே, ஏனைய மானிடர் யாவரையும் பற்றியிருக்கும் ஒரு கறை அவளைப் பற்றவில்லை என்பதே இதன் கருத்து. இவ்விஷயத்தில் பெரிய பண்டிதர்களும் இணங்கவில்லை. தோமாஸ் அக்குவினாஸ் போன்ற மகா மேதையே தயங்கினார்: கறையே இல்லாதவளுக்கு இரட்சகர் எதற்கு என்பது அவரது சங்கடம். அவருக்குப் பின் வந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் இதற்குச் சமாதானம் கூறினார். பள்ளத்தில் விழுந்தவனைத் தூக்கி விடுவதும் இரட்சிப்பு. விழப்போகிறவனைக் கைப்பிடித்துத் தடுப்பதும் இரட்சிப்பு, இன்னும் மேலான இரட்சிப்பு என்பது அவர் வாதத்தின் சாரம். வாதம் பல நூற்றாண்டு நடந்து, 1854 டிஸம்பர் 8-ந் தேதி பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அதை விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார். நான்கு வருஷம் கழித்து, 1858-ல், லூர்து நகரத்து ஏழைச் சிறுமி பெர்னதெத் தான் கண்ட அம்மையின் பெயரைக் கேட்டபோது கிடைத்த விடையும் இந்த அமலோற்பவம் என்பதே. பதினான்கு வயதான அப்பெண்ணுக்கு அச்சொல்லின் பொருள் தெரியாது. பாதிரியாரிடம் சொல்லும்வரை மறந்துவிடாதிருக்க வழிநெடுக அதை உச்சரித்துக்கொண்டே சென்றாள் என்பர்.

ஆக, ஒருத்திக்கு இல்லையென்று இத்தனை விமரிசையாகச் சொல்லப்படும் அந்தக் கறை மற்றவர் எல்லோருக்கும் உண்டு என்று ஆகின்றது. அது யாது?

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம் நேயர்கள் அறிந்ததே. ஏதேன் என்னும் தோட்டம், விலக்கப்பட்ட கனி, பேசும் சர்ப்பம். கனி ஆப்பிள் என்று எங்கும் எழுதப்படவில்லை. லத்தீன் மொழியில் தீமைக்கும் ஆப்பிளுக்கும் ஒரே விதமான சொல் அமைந்ததனால் சித்திரக்காரர்கள் கையில் அது ஆப்பிளாயிற்று என்பர். இன்னும் ஆச்சரியம், அந்த அதிகாரத்தில் 'பாவம்' என்ற சொல்லே கிடையாது. அச்சொல் முதன் முதல் வருவது அடுத்த அதிகாரத்தில், அண்ணன் தம்பியைக் கொல்லும் காயீன் கதையில். ஏதேனில் நாம் காண்பது வேறு. கடவுள் கேட்டவுடன் ஆதாம் மனைவியைச் சுட்டுகிறான். மனைவி பாம்பைச் சுட்டுகிறாள். பழியைப் பெண்டாட்டி தலையில் போடும் வழக்கம் ஆதிமனிதனிடமே தொடங்கிவிட்டது என்று நம் சகோதரிகள் சொன்னால் மறுக்க இடமில்லை. அதுவரை ஒருவருக்கொருவர் துணையாயிருந்தவர்கள் ஒருவரையொருவர் காட்டிக் கொடுக்கின்றனர், ஆடையின்மைக்கு நாணுகின்றனர், கடவுளின் காலடி ஓசை கேட்டு ஒளிந்து கொள்கின்றனர். மனிதனுக்கும் தெய்வத்துக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் மண்ணுக்கும் இருந்த உறவு முறிந்தது என்பதே கதை.

இந்த முறிவு சந்ததி முழுமைக்கும் எவ்வாறு வந்தது? ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அர்ச். சின்னப்பர் இதைத் தொட்டார். விரித்து ஸ்தாபித்தவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து மேற்றிராணியாராக விளங்கிய அகுஸ்தீனார் (354–430). தமது பதினாறாம் வயதில் தோழர்களோடு அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடியதை அவர் தமது சரிதையில் நொந்து நொந்து எழுதியிருக்கிறார். பசிக்காகத் திருடவில்லை, காய்களில் பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். திருடுவதிலேயே ஓர் இன்பம்! அது எங்கிருந்து வந்தது என்று அவர் வினவுகிறார். பேச்சு வராத கைக்குழந்தை, தன் பாலை மற்றொரு குழந்தை குடிப்பதைக் கண்டு முகம் வெளிறிச் சீறுவதையும் அவர் கண்டார். இரண்டு குழந்தைகளை வளர்த்த எந்தத் தாயும் இதற்குச் சாட்சி சொல்வாள். மனிதச் சித்தம் தானாக நேராகும் வல்லமையுடையது என்று வாதித்த பெலாகியுஸ் என்னும் துறவியின் மதம் 418-ல் கார்த்தேஜ் சங்கத்தில் தள்ளப்பட்டது. 1546-ல் திரெந்து நகரத்துப் பொதுச்சங்கம் கொள்கையை உறுதி செய்தது.

இதிலே ஓர் ஏட்டுப் பிழையும் கலந்திருக்கிறது. சின்னப்பர் எழுதிய கிரேக்க வாக்கியத்துக்கு 'எல்லோரும் பாவம் செய்ததனால்' என்று பொருள் கொள்வதே இயல்பு. அகுஸ்தீனார் கையிலிருந்த லத்தீன் மொழிபெயர்ப்போ 'அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள்' என்று படிக்கத்தக்கதாயிருந்தது. கீழ்த்திசைக் கிறிஸ்தவ சபையார் ஆதாமிடமிருந்து மரணமும் பலவீனமும் வந்தன, குற்றம் வரவில்லை என்றே இன்றும் கொள்கின்றனர். யூதர்களிடம் இக்கொள்கை இல்லை. இஸ்லாமியரோ, ஆதாம் மனம் வருந்தினார், கடவுள் மன்னித்தார், விஷயம் அங்கேயே தீர்ந்தது என்கின்றனர். அவர் பூமியில் வந்து காலூன்றிய இடம் இலங்கையின் சிவனொளிபாத மலை என்ற ஐதிகமும் அவர்களிடம் உண்டு. அப்படியானால் ஆதிபிதா நமக்கு அயலூரார்தாம்!

தகப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனுக்குத் தர்மக் கடமை என்று இந்து சட்டம் வெகுகாலம் விதித்திருந்தது. 2005-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டந்தான் இனிமேற்பட்ட கடன்களுக்கு அது செல்லாது என்றது. பிரெஞ்சுச் சட்டத்தில் வாரிசு 'எனக்கு இந்தச் சொத்தும் வேண்டாம், கடனும் வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்து ஒதுங்கிவிடலாம். 1881-ஆம் வருஷத்து உத்தரவின்படி பழைய வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது தெரியும். ஆதாமின் கடனை மட்டும் அப்படி எழுதிக் கொடுத்து ஒதுங்க முடியாதென்கிறது திருச்சபை. நாம் பிறக்கும் வீடே கடன்பட்ட வீடு.

நிற்க. இக்கொள்கை தமிழுக்கு வந்தபோது நேர்ந்தது மிகவும் ரஸமானது. பழைய ஞானோபதேசங்களில் பிறவியோடு வருவதை 'ஜென்மப் பாவம்' என்றும், அவரவர் செய்வதைக் 'கர்மப் பாவம்' என்றும் பெயரிட்டார்கள். ஜென்மம், கர்மம் என்ற இரண்டு சொற்களும் நம் செவிக்கு எத்தனை பழையவை! கேட்ட தமிழன், 'சரி, போன ஜென்மத்துக் கர்மம்' என்றுதானே எண்ணுவான்? 1606-ல் மதுரை வந்த ராபர்ட் தெ நொபிலி என்ற தத்துவ போதகர் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று ஒரு நூலே எழுத வேண்டியதாயிற்று. அவர் எதிர்கொண்டது கல்வியில்லாத நாட்டையன்று. வில்லியனூருக்குத் தெற்கே பாகூரில் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் விடப்பட்டதைப் பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடுகள் கூறுகின்றன. அஃது ஒன்பதாம் நூற்றாண்டு. வினையைப் பற்றியும் பிறவியைப் பற்றியும் அங்கெல்லாம் எத்தனையோ வாதங்கள் நடந்து ஓய்ந்திருக்கும்.

வேற்றுமை இதுதான். கர்மக் கொள்கையில் நான் அனுபவிப்பது நான் விதைத்தது. பிறன் வினை என்னை அண்டாது. ஜென்மப் பாவக் கொள்கையில் ஒருவன் வினை அனைவரையும் அண்டும். சைவ சித்தாந்தத்தின் ஆணவ மலத்தோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. செம்பிலே களிம்பு போல உயிரிலே ஆணவம் என்பது நம் பெரியோர் உவமை. உவமை நெருங்கி வருகிறது. 'அமலம்' என்ற சொல்லையே கிறிஸ்தவர்கள் நம்மிடமிருந்துதான் எடுத்தார்கள். ஆயினும் களிம்பு அநாதி. அதற்குத் தொடக்கம் கிடையாது. ஆதாமின் கறைக்குத் தொடக்கம் உண்டு. தொடக்கம் உண்டென்றால் அதற்கு முன் கறையற்ற நிலை ஒன்று இருந்தது என்று பெறப்படும். மனிதன் இயல்பில் கெட்டவன் என்பதன்று இக்கொள்கை. நல்லவனாகச் செய்யப்பட்டு இடையில் உடைந்தவன் என்பதே. 1893-ல் சிகாகோ நகரத்தில் சுவாமி விவேகானந்தர், மனிதரைப் பாவிகள் என்று அழைப்பதே பாவம் என்ற கருத்தைக் கம்பீரமாகச் சொன்னார். அந்நியராட்சியில் கூனிக் கிடந்த ஜாதிக்கு அந்த வார்த்தை அமிர்தம். ஆனால் 'நீ பாவி' என்பதற்கும் 'நாம் எல்லோரும் ஒரே முறிவில் பங்காளிகள்' என்பதற்கும் தூரம் அதிகம். முதலாவதைச் சொன்ன பாதிரிமார்களே நம் காதில் மிகுதியும் விழுந்தார்கள்.

இரண்டாவதை இந்நாட்டில் மெய்யாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். பிறவியிலே மாசு உண்டென்பது நம் சமூகமும் சொன்னதுதான். ஆனால் நாம் அதைச் சிலர் தலையில் முழுவதும் சுமத்தி, சிலரை முற்றும் விடுவித்தோம். எல்லோருக்கும் ஒரே அளவில் மாசு, எல்லோருக்கும் ஒரே தண்ணீர் என்று வந்த உபதேசம் இதை அடியோடு பெயர்த்திருக்க வேண்டுமல்லவா? அது புதுச்சேரியில் எப்படி நடந்தது என்பதற்குச் சரித்திரம் இருக்கின்றது.

ஜென்மப் பாவத்தைக் கழுவுவது ஞானஸ்நானம். அக்காலத்துச் சடங்கில் குரு தம் உமிழ்நீரை விரலால் தொட்டு, குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும். செவிடனை யேசுநாதர் குணப்படுத்தியதன் ஞாபகம் அது. நம் நாட்டிலோ எச்சில் என்றால் தெரியுமே! சேசு சபைப் பாதிரிமார் உயர்ந்த ஜாதியார் அருவருப்படையாதிருக்க அதை விட்டுவிட்டார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் குடிசைகளுக்குள் போய் நோயாளிகளுக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுப்பதையும் தவிர்த்து, அவர்களை வெளியே கொண்டுவரச் செய்தார்கள். 1703-ல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய கர்தினால் தூர்னோன், 1704 ஜூன் 23-ந் தேதியிட்ட உத்தரவில் இவற்றைக் கண்டித்தார். உமிழ்நீரை விடலாகாது, தாழ்ந்தவர் வீடென்று குரு வாசலில் நிற்கலாகாது. இதன்மேல் மூண்ட வழக்கு நாற்பது வருஷம் ரோமாபுரியில் நடந்தது. 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பரின் சாசனம் முடிவு கூறிற்று. அதிலும் ஒரு சமரசம்: தாழ்த்தப்பட்டோருக்கென்று தனியே சில குருக்களை நியமிக்கலாம். எல்லோருக்கும் பொதுவான பாவத்தைக் கழுவ இரண்டு வகைக் குருக்கள்! இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கெட்டவர்களல்லர். கல்வியும் துறவும் நிறைந்தவர்களே. அதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. (உமிழ்நீர்ச் சடங்கு 1969-ல் வெளியான புதிய முறையில் அகன்றுவிட்டது.)

மறு வருஷமே பட்டணத்தில் ஒரு சம்பவம் நேர்ந்தது. ஆனந்தரங்கம் பிள்ளை தமது தினசரிக் குறிப்பில் 1745 அக்டோபரில் அதை எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள்ளே தாழ்த்தப்பட்ட வகுப்பாரை மற்றவரிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த ஒரு குருவின் ஊக்கத்தினால் அவ்வகுப்பார் பெரிய குருவிடம் சென்று, நாங்களும் மெய்யான கிறிஸ்தவர்களாயின் எங்களை ஏன் வேறாக நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயம் மனத்தில் தைத்து, குரு சுவரை இடிக்கச் சொன்னார். இடித்தார்கள். உடனே ஜாதிக் கிறிஸ்தவர்கள் திரண்டு குருவோடு வாக்குவாதத்தில் இறங்கினார்கள். விஷயம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரை எட்டியது. சுவர் விழுந்தது, பிரிவினை விழவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1748-ல், அக்கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் ஆலயத்தை இதே கவர்னர் இடித்துப் போட்டார் என்பதையும் பிள்ளையவர்கள் துக்கத்தோடு எழுதியிருக்கிறார். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அதற்கு அடுத்த வருஷம். நகரத்துக் கோயிலின் வழக்கம் எதுவோ அதுவே கிராமாந்தரத்துக்கும் மாதிரியாயிருந்தது என்று சொல்ல வேண்டுவதில்லை.

புதுச்சேரியை மட்டும் குறை கூறுவது தகாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கைகளாகப் பிரிந்து, நடுவில் சுவரெழுப்பிய கோயிலே கட்டினார்கள். 1910-லேதான் அச்சுவர் இடிக்கப்பட்டது. நம் இந்து ஆலயங்களின் வாசல் திறந்த கதையும் நாமறியாததா? புதுச்சேரியில் இருந்தபோது பாரதியார் 1913-ல் கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞருக்குப் பூணூல் அணிவித்தார். ஊர் அவரைப் பைத்தியக்காரர் என்றது. 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்ததும் இந்தத் தீண்டாமையை ஒழிக்கும் யாத்திரையிலேதான்.

நமக்குத் தோன்றுவது ஒன்று. ஜென்மப் பாவம் என்றால் என்ன என்று தமிழனுக்கு விளக்க ஏதேன் தோட்டத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஜாதிதான் அது. இன்று பிறக்கும் குழந்தை அதைச் செய்யவில்லை; ஆயினும் அதற்குள் பிறக்கிறது. தாய்ப்பாலோடு அதைக் கற்கிறது. தான் கேளாமலே அதன் லாபத்தையோ நஷ்டத்தையோ அடைகிறது. யார் தொடங்கினார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுகின்றனர், ஆதாமும் ஏவாளும் போலவே. 1992-ல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, ஜென்மப் பாவம் நாம் செய்த குற்றமன்று, நாம் பிறந்து விழுந்த நிலை என்று தெளிவுபடுத்துகிறது. அதற்கு முன்பே 1987-ல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், சமூகத்தின் அமைப்பிலேயே பாவம் ஊறியிருக்கக் கூடுமென்று எழுதினார். 2003 நவம்பரில் தம்மைக் காண வந்த தமிழ்நாட்டு ஆயர்களிடமும் ஜாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்திய ஆயர்கள் 2016 டிஸம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் தீண்டாமையைப் பாவம் என்றே கூறி, அது தம் சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். 2022-ல் ஆந்தணி பூலா கர்தினால் ஆனார். தலித் வகுப்பில் பிறந்து அப்பதவி பெற்ற முதல்வர் அவர். தூர்னோன் புதுச்சேரியில் இறங்கி 319 வருஷம் ஆகியிருந்தது.

சர்க்காரின் கணக்கு வேறு. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி அட்டவணை ஜாதிச் சலுகை இந்துக்களுக்கே உரியது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேரவில்லை. புதுச்சேரிக்கென்று 1964-ல் தனி உத்தரவு வந்தபோதும் இதே கதைதான். அதாவது, ஞானஸ்நானம் பெற்றவனுக்கு ஜாதி கழுவப்பட்டுவிட்டது என்று சட்டம் நம்புகிறது. திருச்சபை கூடத் தன் தண்ணீருக்கு அவ்வளவு சக்தி இருப்பதாகச் சொல்லத் துணியவில்லை! பாகூர்ப் பக்கத்துக் கழனியில் கூலி வேலை செய்யும் குடும்பத்தில் அண்ணன் மாரியம்மனைக் கும்பிட்டு, தம்பி மாதாவைக் கும்பிட்டால், ஒரே தெருவில், ஒரே கூலியில், அண்ணனுக்குள்ள சலுகை தம்பிக்கு இல்லை. மதம் மாறியோருக்குப் பழைய இழிவு தொடர்கிறதா என்று ஆராய, முன்னாள் பிரதம நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஒரு குழுவை நியமித்தது. இப்படிப்பட்ட குழுவினர் நம் கிராமாந்தரங்களுக்கு வந்தால் கோயிலையும் குளத்தையும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், தேர் எந்தத் தெரு வரை போகிறது, இறந்தவரை எங்கே புதைக்கிறார்கள் என்ற இரண்டு விஷயங்களையும் விசாரித்துச் செல்வார்களாக.